பாதி போடாதே, மச்சான்

மச்சான்,

நேற்று பூவத்தில் ஒரு கல்யாண வீடு. பிரியாணியில் கிராம்பு ஒன்று பல்லில் சிக்கிக் கடிபட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்து நாற்காலியில் நீதான் உட்கார்ந்திருக்கிறாய் என்ற நினைப்பில், "தால்ச்சாவ இந்தப் பக்கம் தள்ளு மச்சான்" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருந்தவர் யாரோ பெண் வீட்டுக்காரர். தள்ளிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் விடுவேனா? "நான் யாரு தெரியுமா? அம்பகரத்தூர் கடைமடைக்கு இந்த வருஷம் தண்ணி கொண்டாந்தவன்" என்று ஆரம்பித்தேன். பந்தி முடிந்து, கை கழுவி, வெற்றிலை போட்டு, அவர் வண்டியைக் கிளப்பும் வரை அவருக்கு என்னிடமிருந்து விடுதலை இல்லை.

அவருக்குச் சொன்ன கதையில் ஐயாயிரம் ஏக்கர் இருந்தது. ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. ஒரு மந்திரிகூட வந்து என் தோளில் கை போட்டார். நீ இருந்திருந்தால் என் முழங்கையைத் தொட்டு, "பாதி போடு, மாப்ளே" என்றிருப்பாய். எத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தையால் என்னை வெட்டிச் சுருக்கியிருக்கிறாய்! நான் நூறு பேர் என்றால் பாதி போடு. ஆளுயரப் பாம்பு என்றால் பாதி போடு. என் தாத்தா பிரெஞ்சுக்கார துரையைக் கை நீட்டிப் பேசினார் என்றேன். அதற்கு மட்டும் நீ பாதிகூடக் கொடுக்கவில்லை.

உனக்கு எழுதுவதால் பாதி போட்டே எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனின் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் விஷயத்தில் பொறுத்துப் போகிற ஆளாக நான் எழுதவில்லை. உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குக் கோபம் வந்தால் சட்டைப் பையிலிருந்து அந்தத் தகர டப்பாவை எடுப்பாய். ஒரு கிராம்பு எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வாய். அரபு நாட்டில் லாரி ஓட்டிய காலத்துப் பழக்கம் என்று சொன்னாய். மேஸ்திரி திட்டும்போது எதிர்த்துப் பேசினால் வேலை போய்விடும். கிராம்பு வாயில் இருந்தால் நாக்கு எழும்பாது. ஊருக்குத் திரும்பி வாப்பாவின் நிலத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் டப்பா உன்னோடு வந்தது. எங்கள் வாய்க்காலுக்கு உன்னைத் தலைவராக்கியபோது அது இன்னும் பெரிய டப்பாவாயிற்று.

மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மேல்மடை ஊர், இந்தப் பக்கம் காரைக்கால்காரர்களான நாம். புதிதாக வருகிறவனுக்கு எல்லை எங்கே என்று தெரியாது. சாராயக் கடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். நமக்கு வாய்க்கால் வறண்டால் தெரியும். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்துவிடும். ஆனால் மேல்மடைக்காரர்கள் அவர்கள் வயல் நனைகிற வரை ஷட்டரை இறக்கியே வைத்திருப்பார்கள். அதனால் வருஷா வருஷம் நம் ஊர்த் தலைவர், தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய் வைத்து எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் அழைக்க வேண்டும். பெண் அழைக்கப் போகிற மாதிரி.

நீ அழைத்த விதம் இருக்கிறதே, அதைச் சொன்னால் வெளியூரில் ஒருவனும் நம்ப மாட்டான். ஷட்டருக்குப் பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் தட்டை வைப்பாய். பக்கத்தில் உட்காருவாய். வாயில் கிராம்பு. அவ்வளவுதான். "எங்க நடவே முடியல, அதுக்குள்ள தட்டத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்கய்யா" என்று ஒருத்தன் கத்துவான். நீ அவனையே பார்ப்பாய். முறைப்பு இல்லை, கெஞ்சல் இல்லை, மாட்டு டாக்டர் மாட்டைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அவன் குரல் இறங்கும். அடுத்தவன் இருமுவான். இரண்டாவது டீ ஆறுவதற்குள் மேல்மடைக்குத் தலைமை பார்க்கிற செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லும்: "பாய் வந்து உக்காந்துட்டாருல்ல. இனிமே நமக்குச் சோறு எறங்காது. தூக்கி விடுங்கப்பா ஷட்டர."

பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். வேலை உன்னுடையது, விளம்பரம் என்னுடையது. ஊர் திரும்புவதற்குள் நான் அவர்களை எப்படி மிரட்டினேன் என்று கதை தயாராகிவிடும்.

ஒரு முறை திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் வைத்து உன்னைக் கேட்டேன். "உனக்கப்புறம் நான்தானே தலைவரு?"

நீ சிரித்தாய். "தலைவனுக்கு வாய் எதுக்கு மாப்ளே? காது போதும்" என்றாய்.

"மாட்டுக்குக்கூடத்தான் ரெண்டு காது இருக்கு. அதத் தலைவராக்கு" என்றேன்.

சிரித்த சிரிப்பில் உன் கிராம்பு தண்ணீரில் விழுந்தது. ஆனால் உன் தீர்ப்பை நீ மாற்றவில்லை. அதுதான் நம் சண்டை. நினைவிருக்கட்டும்.

அறுவடை முடிந்த கையோடு நீ போய்விட்டாய். உன்னைக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப் போனபோது தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் பயந்துவிட்டது. எனக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று இரண்டு பேர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார்கள்.

பிறகு புதுத் தலைவர் பேச்சு வந்தது. அதற்குள் புதுச்சேரியிலிருந்து ஒரு மேடம் வந்து சமுதாயக் கூடத்தில் நமக்கெல்லாம் தலைமைப் பண்பு வகுப்பு எடுத்தார்கள். நல்ல பெண். மனிதர்களின் சுபாவம் எப்படியோ அப்படித்தான் அவர்கள் தலைமையும் அமையும் என்று படம் போட்டுக் காட்டிவிட்டு, "அமைதியான சுபாவம் உள்ளவங்க அந்தப் பக்கம் போங்க, கலகலப்பானவங்க இந்தப் பக்கம் வாங்க" என்றார்கள்.

மச்சான், ஊரே அந்தப் பக்கம் போயிற்று! சந்தையில் நின்றால் காரைக்கால் கடற்கரைக்கே குரல் கேட்கிற நம் காய்கறிக் கடைக்காரர் போனார். பஸ்ஸில் கண்டக்டரோடு மல்லுக்கட்டாமல் ஒரு நாளும் இறங்காத நம் வாத்தியார் போனார். நீ அமைதி, நீ தலைவர், ஆகவே அமைதிதான் தலைமை. இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு எல்லாரும் உதட்டை இறுக்கி நின்றார்கள். இந்தப் பக்கம் நான் ஒருத்தன்.

"சார் மட்டும்தானா?" என்று மேடம் கேட்டார்கள்.

"நான் ஒருத்தன் நின்னா நூறு பேருக்குச் சமம்மா" என்றேன்.

அங்கிருந்து ஒருத்தன், "அதான் பயமே" என்றான். அமைதியானவர்கள் எல்லாரும் கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள்.

குமரனைத் தலைவராக்கினார்கள். உனக்குத் தெரியுமே, கோவில்பத்தில் வீடு கட்டிக்கொண்டு டவுன் ஆபீசுக்குப் போய்வருகிறவன். நல்ல பையன். அவனே என் வீட்டுக்கு வந்து, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எல்லாருக்கும் பாசம். ஆனா தலைவருக்கான சுபாவம் இல்லைன்னு சொல்றாங்க" என்றான். காபி கொடுத்து அனுப்பினேன். அவன் போன பிறகு என் மனைவி, "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டாள்.

புரட்டாசி வந்தது. குமரன் தட்டோடு போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தான். நீ உட்கார்ந்த மாதிரியே வாய் திறக்காமல், கையில் போனை வைத்துக்கொண்டு. டீக்கடைக்காரர் கடைசியில் பரிதாபப்பட்டு, "தம்பி, மயிலாடுதுறை பஸ் அப்பவே போயிடுச்சே" என்றாராம். தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். மறுவாரமும் போனான். அப்போதும் யாரும் அவனைக் கவனிக்கவில்லை. அதற்குள் நம் நாற்றங்கால்கள் வெளுக்க ஆரம்பித்தன. உன் வயல் நாற்று, என் வயல் நாற்று, எல்லாம். மண் வெடித்து விரல் உள்ளே போகிற அளவுக்கு ஆயிற்று. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் இந்தச் சம்பா இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் என்னிடம் வந்தார்கள். "மாமா, பாய் கூடவே போயிட்டு வந்தவரு நீங்க. உங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியும். நீங்க வாங்க." சந்தோஷமாகச் சட்டையை மாட்டினேன். வாசல் வரை வந்ததும் குமரன் மெதுவாகச் சொன்னான்: "ஆனா அங்க பேசாதீங்க மாமா. அதுதான் நம்ம முறை. பேசினா கெட்டுப் போயிடும்."

முறையாம்! ஆனாலும் நாற்று சாகிறது. சரி என்றேன். உன் வீட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் உன் டப்பாவைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க வாய்க்கு இந்த டப்பா போதும்ணே. உங்க வாய்க்கு மூட்டையா வாங்கணும்." நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெஞ்சில் தட்டு, தட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குமரன். கிராம்பு ஒன்று போட்டால் என் வாய் அடங்குமா என்ற சந்தேகத்தில் நாலைந்தை ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். இதை எப்படி மச்சான் இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தாய்? நாக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர். நெற்றியில் வேர்வை. ஒருத்தன் வந்து, "அண்ணே, ஏன் அழுவுறீங்க?" என்றான். நான் உன்னுடைய அந்தப் பார்வையால் அவனைப் பார்த்தேன். அவன் பயந்து பின்வாங்கி, "செல்லம்மாக்கா, ஓடியாங்க! காரைக்கால்காரருக்கு மாரடைப்பு!" என்று கத்தினான்.

கடை கலைந்தது. என்னைப் பெஞ்சில் மல்லாத்தினார்கள். வெற்றிலையைக் கீழே கொட்டிவிட்டு அந்தத் தட்டாலேயே விசிறினார்கள். ஒருத்தன் சோடா உடைத்தான். ஒருத்தன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். செல்லம்மா குமரன் சட்டையைப் பிடித்து உலுக்கி, "என்னாச்சுன்னு சொல்லேன்டா! நீயும் ஊமையா?" என்றது. குமரன் முறையைக் காப்பாற்றினான். தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தச் சோடாவோடு சேர்த்துக் கிராம்பு அத்தனையையும் துப்பிவிட்டு எழுந்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல! என் நாத்துக்குத்தான் மாரடைப்பு! ஏ செல்லம்மா, உனக்குக் கண்ணு இல்ல? போன வாரமும் அதுக்கு முந்துன வாரமும் எங்க பையன் இங்க வந்து உக்காந்திருந்தானே, ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேட்டியா?"

செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டது. "அவன் எதுக்கு உக்காந்திருந்தான்னு எனக்கு என்ன ஜோசியமா தெரியும்? வாயில என்ன வச்சிருந்தான், கொழுக்கட்டையா?"

"தண்ணி கேக்க வந்தா பேசக் கூடாதுல்ல? அதானே முறை?" என்று குமரன் கேட்டான். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"யாருடா சொன்னது?" செல்லம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாய் பேசலன்னா அது பாயோட சுபாவம். அவருக்கு முன்னாடி யாரு வந்தாங்கன்னு தெரியுமா? இதோ இவரோட அப்பாதான். அவரு அங்க பாலத்துக்கிட்ட வரும்போதே இங்க சத்தம் கேக்கும். எங்கப்பா அதக் கேட்டுட்டு, 'கீழ ஊரு உசுரோடதான் இருக்கு, ஷட்டரத் தூக்கு'ம்பாரு. இந்த வருஷம் சத்தமும் வரல, பாயும் வரல. பாதி பேரு நெலத்த வித்துட்டு டவுனுக்குப் போயிட்டாங்க போலன்னு நெனச்சோம்."

பார்த்தாயா மச்சான்? என் அப்பா போட்ட சத்தத்தை நானே மறந்துபோனேன். உன் சுபாவத்தை நாம் ஊர் முறை என்று எடுத்துக்கொண்டோம். உன் சட்டையை எல்லாரும் மாட்டிப் பார்த்தோம். குமரனுக்கு அது தொளதொளவென்று தொங்கியது. எனக்குப் பொத்தானே போட முடியவில்லை. மௌனம் உனக்குத் தலைமை. அவனிடம் அதே மௌனம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதாகத் தெரிந்தது. என்னிடம் நெஞ்சு வலியாகத் தெரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். செல்லம்மா இன்னொன்று சொன்னது. "ஷட்டர இப்பவே தூக்குறேன். ஆனா தூக்கினாலும் ஒங்களுக்குத் தண்ணி வராது. எல்லையில ஆகாயத்தாமர மண்டிக் கெடக்கு. பாய் இருந்தா அவரே எறங்கி அரிச்சிடுவாரு."

அது இந்தப் பக்கத்து வாய்க்காலா, அந்தப் பக்கத்து வாய்க்காலா என்று யாருக்கும் தெரியாத துண்டு. வருஷா வருஷம் யார் அதைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. நீதான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தனியாக, நெஞ்சளவுச் சேற்றில்! உன் கூடவே சுற்றிய என்னைக்கூட நீ கூப்பிடவில்லை. யாரையும் கேட்டுப் பழக்கமில்லாத உன் சுபாவம் மேல்மடைக்காரனைக் கரைத்தது, சரி. நம் ஊர்க்காரனை அது என்ன செய்தது? கரையில் நின்று பார்க்கவைத்தது. அந்தத் தாமரை என்று ஒன்று இருப்பதையே தெரியாமல் வைத்தது. காது போதும் என்றாயே, ஒரு நாளாவது வாயைத் திறந்து, "டேய், வாங்கடா" என்று கத்தியிருந்தால் உன் முதுகு கொஞ்சம் அதிக நாள் நிமிர்ந்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன் முதுகுக்குத் தைலம் வாங்கிவந்தவன் நான்தான்.

ஊருக்குத் திரும்பினேன். குமரன் வாட்ஸ்அப்பில் போடட்டுமா என்றான். "அதப் போடு. கூடவே என்னையும் விடு" என்றேன். தெரு தெருவாக நடந்தேன். மைக் எதற்கு எனக்கு? காய்கறிக்கடை வாசலில் நின்று, "அமைதியான சுபாவமெல்லாம் வெளிய வாங்க! தாமரை அரிக்க அமைதியா எறங்கலாம்!" என்று கத்தினேன். வாத்தியாரை அவர் மனைவி முன்னாலேயே கேட்டேன்: "கண்டக்டர்கிட்ட காட்டுற வீரத்தக் கொஞ்சம் ஆகாயத்தாமரகிட்ட காட்டுங்க சார்." வராதவன் வீட்டு வாசலில் நின்று அவன் தாத்தா எப்படிப்பட்ட உழைப்பாளி என்று தெரு கேட்கப் புகழ்ந்தேன். அதில் முக்கால்வாசி நான் கட்டியது. அவன் வெட்கப்பட்டு அரிவாளோடு வந்துவிட்டான்.

முன்னூறு பேர் வந்தார்கள். சரி, நூற்றைம்பது. முறைக்காதே. ஐம்பதுக்குக் குறையாது, இதற்குக் கீழே இறங்க மாட்டேன். மேல்மடையிலிருந்து செல்லம்மாவும் ஆள் கூட்டி வந்தது. சேற்றில் நின்றுகொண்டு அந்த ஊரும் இந்த ஊரும் மாறி மாறிக் கிண்டலடித்து, திட்டி, சிரித்து, பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் தெரிந்தது. நான் அரித்தது கொஞ்சம், கத்தியது நிறைய. வேலை நடந்தது.

தண்ணீர் வந்தது, மச்சான். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, நண்டுகளை விரட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். இதில் பாதி நீ எடுத்துக்கொள்.

குமரனை நான் இறக்கிவிடவில்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சண்டை வராமல் முறை வைப்பதற்கு அவன் மாதிரி வராது. நான் வைத்தால் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வாக்குக் கொடுத்துவிடுவேன். அது அவன் சுபாவம், இது என் சுபாவம். தலைவர் யார் என்று கேட்டால் அவன் என்னைக் காட்டுகிறான். நான் மறுப்பதில்லை. நான் ஏன் மறுக்க வேண்டும்?

உன் டப்பாவைத் தங்கச்சியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்குங்கண்ணே" என்றாள். சட்டைப் பையில்தான் இருக்கிறது. நடக்கும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது. உன்னிடம் இருந்தபோது அது சத்தம் போட்டதாக நினைவில்லை. ஒரு கிராம்பைக்கூட இனி வாயில் போட மாட்டேன். உன் மேல் சத்தியம். என் வாய் திறந்தேதான் இருக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அதை மூடியிருக்கிறேன்.

தலைவனாக இருந்த வருஷமெல்லாம் உன் வயலுக்கு நீ கடைசியில்தான் மடை திறந்தாய். ஏன் என்று நான் கேட்டதற்குக் கிராம்பைத்தான் பதிலாக மென்றாய். குமரன் முறை வைத்தபோது என் வயலை முதலில் எழுதினான். "அழிச்சுக் கடைசியில போடு. யாருக்கும் சொல்லாத" என்றேன். ஊர் முழுக்க நனைந்து, உன் வயலும் நனைந்து, கடைசியாக என் மடைக்குத் தண்ணீர் வந்தபோது என் நாற்றங்காலில் கிழக்கு மூலை செத்துவிட்டிருந்தது. நான் அங்கே நின்று பார்த்தேன். அது வலித்தது. அந்த இடம் இன்னும் வெற்றாகத்தான் கிடக்கிறது. போகிறவர்கள் எலி வெட்டிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன், ஆட்டுக்குட்டி அளவு எலி என்கிறேன்.

கல்யாணப் பந்தியில் அந்த மனிதரிடம் மந்திரியைச் சொன்னேன், ஜீப்பைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. என் மனைவிக்கும் தெரியாது. இப்போது உனக்கு மட்டும் சொல்லிவிட்டேன்.

இதில் பாதி போடாதே.